மருந்தைச் சொல்லும் பழுப்பு நிறம்

ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. அதுபோல ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டுவது எதிர்ப்பொருள். நம் ரத்தத்தில் தானாக உண்டாகும். லேபில் ஒரே வகையை வேண்டிய அளவு தயாரிக்க 1975-ல் கோலர், மில்ஸ்டீன் வழி கண்டுபிடித்தார்கள்.

மார்பகப் புற்றுநோய் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு, செல்லை வேகமா வளரவைக்கும் ‘ஹெர்-2’ புரதம் அதிகம். கட்டியில் சிறு துண்டை மெல்லிசா சீவி, அதில் ஒட்டும் எதிர்ப்பொருளை விட்டு, சாயம் சேர்ப்பாங்க. செல்லைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். நமக்குப் போடுற மாதிரி 0 முதல் 3 வரை மார்க்! 3 வந்தால் அதுக்கென்றே டிராஸ்டுசுமாப் மருந்து இருக்கு.

தங்கையைப் புற்றுநோயில் இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நமக்குக் கிட்ட புதுச்சேரி ஜிப்மர் இருக்கு. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. ஆனா வெட்கப்பட்டு மறைக்கக் கூடாதுன்னு அம்மா, பெரியம்மாகிட்ட சொல்லுங்க!