ஒரு பிள்ளை, இரு பள்ளிகள்: புதிய கல்வியாண்டில் பெற்றோர் கவனத்திற்கு



கோடை விடுமுறை முடிந்து தொடக்கப் பள்ளிகளின் கதவுகள் மீண்டும் திறக்கின்றன. சீருடைக்கு அளவெடுப்பதிலும், குறிப்பேடுகளுக்கு உறையிடுவதிலும் தாய்மார்கள் முனைந்திருப்பார்கள். கடல் கடந்து பிழைக்கும் தந்தையர், கட்டணத் தொகையை அனுப்பிவிட்டு, "பிள்ளையைச் சேர்த்தாயிற்றா?" என்று கேட்டு மனநிறைவு அடைந்திருப்பார்கள். ஆனால் சேர்ப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பின்னர் நாம் கவனிக்க வேண்டியவை பல உள்ளன.

நம் வீட்டுப் பிள்ளைக்கு அண்டை வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத ஒரு பொறுப்பு இருக்கிறது. அது ஒவ்வொரு நாளும் இரு பள்ளிகளுக்குச் செல்கிறது. வைகறையில் ஓதும் பள்ளி; காலையில் பாடசாலை. சில ஊர்களில் அஸருக்குப் பிறகு மீண்டும் ஓதும் பள்ளி. இவ்விரண்டையும் நடத்துவோர் ஒருவரையொருவர் கண்டு பேசுவது அரிது. ஹஜ்ரத் அவர்களுக்குப் பிள்ளையின் தேர்வு நாள் தெரியாது. வகுப்பு ஆசிரியைக்கு அப்பிள்ளை ஐந்தரை மணிக்கே எழுந்துவிட்ட செய்தி தெரியாது. இரு தரப்பையும் அறிந்தவர் பெற்றோர் மட்டுமே.

ஆண்டுக் கணக்கே இரண்டிற்கும் வேறு. ஷவ்வாலில் தொடங்கி ஷஅபானில் முடிப்பது மத்ரஸாக்களின் மரபு. பாடசாலையோ ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. பிறைக் கணக்கின் ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு என்பதால், இரு தொடக்கங்களும் ஏறக்குறைய 33 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒன்றுகூடுகின்றன. 1986ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நோன்புப் பெருநாள் வந்தது. அதன்பின் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் பலவற்றில், ஓதும் பள்ளியில் பாதிப் பாடம் கடந்திருக்கும்போது பாடசாலை புதிதாகத் தொடங்கும். இதனை உணர்ந்து ஜூன் கணக்கிற்கு மாறிக்கொண்ட மக்தபுகளும் உண்டு. உங்கள் மஹல்லாவின் மக்தப் எக்கணக்கைப் பின்பற்றுகிறது என்பதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். 2025இல் ரமலான் மார்ச் மாதத்தில் வந்தது. ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, 2031ஆம் ஆண்டில் இரண்டாம் பருவத் தேர்வு நடக்கும் டிசம்பரை அது எட்டும். இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளை அப்போது வளர்ந்திருக்கும். நோன்பு வைக்க ஆசைப்படும்.

முதலில் உறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் கருத்து. ஐந்தரைக்கு எழும் பிள்ளை எட்டரை மணிக்கேனும் படுக்கைக்குச் சென்றிருக்க வேண்டும் என்றாகிறது. ஜூன் மாதத்தில் இஷா பாங்கு சொல்வதே எட்டு மணியளவில்தான். அதன்பின் உணவு, வீட்டுப்பாடம், தொலைக்காட்சி, கைப்பேசி என்று பத்து மணியாகிவிடுகிறது. வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை "மந்தமானவன்" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு பள்ளிகளுக்கும் சென்று வரும் ஐந்து வயதுப் பிள்ளையை மூன்றாவதாக ட்யூஷனுக்கும் அனுப்பும் வழக்கம் நம்மவரிடையே பெருகிவருகிறது. இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம். முதல் வகுப்புப் பாடத்தைச் சொல்லித்தர அரை மணி நேரமும் ஒரு தாயின் பொறுமையும் போதும்.

அடுத்து, காலை உணவு. ஓதும் பள்ளி விட்டு எட்டு மணிக்கு ஓடிவந்து, வாயில் ஒரு கவளத்தை அடைத்துக்கொண்டு பையைத் தூக்கும் பிள்ளைகளை எல்லா ஊர்களிலும் காணலாம். தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024இல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025இல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவையே வழங்கப்படுகின்றன. இறைச்சி இல்லை ஆதலால் ஹலால் குறித்த ஐயத்திற்கும் இடமில்லை. அவ்வாறிருந்தும் "பள்ளிக்கூடத்துச் சாப்பாடா!" என்று கௌரவம் பார்த்துப் பிள்ளையைப் பசியோடு உட்கார வைக்கும் பெற்றோர் சிலர் இருக்கின்றனர். மக்தப் எட்டு மணிக்கு முன்னரே விட்டுவிட்டால் பிள்ளை அவ்வுணவிற்குச் சென்று சேரலாம். கால்மணி நேர மாற்றம்தான். ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒருவர் எடுத்துச் சொன்னால் நடந்துவிடும்.

இனி, எழுத்தறிவு. முதல் வகுப்பில் நம் பிள்ளை ஒரே ஆண்டில் மூன்று எழுத்து முறைகளைச் சந்திக்கிறது. இடமிருந்து வலமாகத் தமிழ், அவ்வாறே ஆங்கிலம், வலமிருந்து இடமாக அரபு. தமிழில் 247, ஆங்கிலத்தில் 26, அரபியில் 28. இது பெருஞ்சுமை என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றிற்கு ஒன்று உதவுமாறு செய்துவிடலாம். அரபி எழுத்தான 'பா'வின் கீழே ஸேர் இட்டால் 'பி' ஆகிறது. மேலே பேஷ் இட்டால் 'பு' ஆகிறது. தமிழில் 'ப்' என்னும் மெய்யோடு உயிர் சேரும்போது நிகழ்வதும் இதுவே. "ஓதும் பள்ளியில் ஸேர் போட்டாயே, அதைப் போன்றதுதான் இந்தக் கொக்கி" என்று ஒரு தாய் சொல்லிவிட்டால், உயிர்மெய் வரிசை முழுவதற்கும் பிள்ளைக்கு வழி பிடிபட்டுவிடும். பாட நூல் எழுதுவோருக்கு இந்த உவமை தோன்றாது. நம் வீட்டில்தான் தோன்றும். நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத் தமிழ் என்றொரு மரபையே வளர்த்தவர்கள் அல்லரோ?

எனினும் ஓர் எச்சரிக்கை. ஓதும் பள்ளியில் பிள்ளைகள் கேட்டு மனனம் செய்வதில் வல்லவர்களாகிறார்கள். அது நற்பேறு. ஆனால் அந்த ஆற்றலே பாடசாலையில் நம்மை ஏமாற்றிவிடும். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைப் பாராமலேயே முழுப் பாடத்தையும் ஒப்பித்துவிடும் பிள்ளையைக் கண்டு, "நன்றாக வாசிக்கிறது" என்று மகிழ்ந்துபோகிறோம். சோதித்துப் பாருங்கள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். மளிகைப் பொட்டலத்தில் உள்ளதையும், கடைப் பலகையில் உள்ளதையும் கேளுங்கள். தடுமாறினால் வாசிப்பு இன்னும் வரவில்லை என்பது பொருள். மூன்றாம் வகுப்பை எட்டிய பின்னும் இந்நிலை நீடித்தால் கணக்கும் அறிவியலும் கூடப் புரியாமல் போகும். ஏனெனில் அதன்பின் எல்லாப் பாடங்களையும் வாசித்தே கற்க வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இக்குறையைக் களைவதற்காகவே வந்தது. அதன்படி பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்தனர். அதே போல உங்கள் பிள்ளை வாசிப்பில் எந்நிலையில் இருக்கிறது என்று ஆசிரியையிடம் கேளுங்கள். முப்பருவ முறையும் அறிந்துகொள்ளத் தக்கது. 2012–13ஆம் கல்வியாண்டில் வந்த அம்முறையில், பருவ இறுதித் தேர்விற்கு 60 மதிப்பெண். மீதி 40 மதிப்பெண், பருவம் முழுவதும் நடைபெறும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும். ஊர்த் திருமணம், ஜியாரத், வெளியூர் விருந்து என்று பத்து நாட்கள் பிள்ளையை நிறுத்தி வைப்போர் அந்த 40ஐ நினைவிற்கொள்வது நலம். இலை ஒட்டுதல், களிமண்ணில் உருவம் செய்தல், பாடி ஆடுதல் எல்லாம் விளையாட்டென்று ஒதுக்கத் தக்கவை அல்ல. மதிப்பெண் அங்கும் இருக்கிறது.

இப்போது சொல்லப்போவது, பெரும்பாலான குடும்பங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டும்போது மட்டுமே விழித்துக்கொள்ளும் செய்தி: பெயர். முகமது, முகம்மது, முஹம்மது என்று தமிழிலேயே மூன்று விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது 'எம்' ஒன்றா இரண்டா, இடையில் 'ஓ'வா 'யூ'வா, ஈற்றில் 'டி'யா 'ஈடி'யா என்று இன்னும் பெருகும். பாத்திமா, ஃபாத்திமா, பீவி, பீபி ஆகியவையும் அவ்வாறே. பிறப்புச் சான்றில் ஒன்று, ஆதாரில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று என இருந்துவிட்டால், பள்ளியின் எமிஸ் பதிவில் நான்காவது ஒன்று ஏறிவிடுகிறது. அந்தப் பதிவிலுள்ள பெயரே வகுப்பு வகுப்பாகப் பிள்ளையைத் தொடர்ந்து பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை செல்கிறது. பின்னர் கடவுச்சீட்டு எடுக்கும்போதும் விசாவிற்கு முயலும்போதும் அலையும் அலைச்சலை, வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவந்த எந்தக் குடும்பமும் அறியும். முதல் வகுப்பில் திருத்துவது எளிது. ஆகவே சேர்க்கைப் படிவத்தைப் பிள்ளையின் மாமாவிடமோ பக்கத்து வீட்டுத் தம்பியிடமோ கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். பிறப்புச் சான்றை அருகில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்துப் பார்த்து நீங்களே நிரப்புங்கள்; தந்தையின் பெயர் அவருடைய கடவுச்சீட்டில் உள்ளவாறே இருக்கட்டும். தலைமை ஆசிரியரிடம் எமிஸ் பதிவையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றில் பெயரே பதியாமல் "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று விட்டவர்கள் இனியும் காலம் தாழ்த்த வேண்டாம். பிறப்பைப் பதிந்த 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்நாளிலும் அதற்குப் பின்னும் பிறந்தோருக்குப் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான்.

வகுப்பு விவரமும் அவ்வளவே முக்கியம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007ஆம் ஆண்டு முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அப்பட்டியலில் உள்ளவர் அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர். படிவத்தில் "முஸ்லிம்" என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால், பின்னாளில் கல்லூரி வாசலில் நின்று சான்றுக்கு அலைய நேரும். இஸ்லாத்தில் பிரிவுகள் இல்லையே என்று சிலர் வாதிடுவர். மார்க்கத்தில் இல்லைதான், அரசுப் பட்டியலில் இருக்கின்றனவே! உரிமையை விட்டுக்கொடுப்பதில் என்ன மார்க்கப் பற்று இருக்கிறது?

கல்வி உதவித்தொகை பற்றியும் ஒரு சொல். சிறுபான்மையினருக்கான ஒன்றிய அரசின் பள்ளி உதவித்தொகை, முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டிற்கு 1,000 ரூபாய் என்ற அளவில் கிடைத்துவந்தது. 2022–23ஆம் ஆண்டு முதல் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அதனை நிறுத்தி, ஒன்பது, பத்து வகுப்புகளோடு சுருக்கிவிட்டார்கள். இதை அறியாத ஏழைத் தாய்மார்களிடம் "விண்ணப்பித்துத் தருகிறேன்" என்று காசு பெறுவோர் இன்றும் இருக்கக்கூடும், ஏமாற வேண்டாம். அந்த ஆயிரம் ரூபாய் சிறு தொகைதான். ஆயினும் பீடி சுற்றியும் பாய் முடைந்தும் பிழைக்கும் வீட்டில் அது ஒரு சீருடை. அவ்விடத்தை ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் நிரப்ப முன்வர வேண்டும்.

பிரம்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. பாடசாலையில் ஆசிரியர் அடித்தால் சண்டைக்குப் போகும் நாம், ஓதும் பள்ளியில் அடி விழுந்தால் "நன்மைக்குத்தான்" என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் முதுகிற்கு இரண்டும் ஒன்றே. குர்ஆனைக் கண்டதும் பிரம்பு நினைவிற்கு வருமாறு ஒரு பிள்ளையை வளர்ப்பதை மார்க்கம் ஒருபோதும் விரும்பாது. ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஏற்பாடு செய்ததை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கற்பிப்பதே அங்கு மீட்புத் தொகையாயிற்று. நம் ஊர் உஸ்தாதுகளுக்கு நாம் தரும் ஊதியத்தையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். குறைந்த கூலிக்கு நாற்பது பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பொறுமையை மட்டும் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள், சிறப்பாகத் தாய்மார்களுக்கு. அரசுப் பள்ளியானாலும் உதவி பெறும் பள்ளியானாலும் அங்கே பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினருள் பாதியினர் பெண்கள். கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, பெண் பிள்ளைகளுக்கு மறைவான இடம் இருக்கிறதா, உணவு சரியாக வருகிறதா என்றெல்லாம் கேட்கும் உரிமை அங்கே உங்களுக்கு உண்டு. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், நான் எவ்வாறு போவது என்று நம் சகோதரிகள் தயங்கி நின்றுவிடுகிறார்கள். அக்கூட்டத்திற்கு வருவோரில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற தாய்மார்கள்தாம். துணைக்கு ஒரு நாத்தியையோ அண்டை வீட்டு ராத்தாவையோ அழைத்துக்கொண்டு செல்லுங்கள். பல பள்ளிகளில் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடைபெறுகிறது. ஜும்ஆ முடிந்து, வீட்டாருக்குச் சோறு பரிமாறிவிட்டுப் புறப்பட்டாலும் நேரம் இருக்கும்.