ஆயிரம் வியூஸ் என்றால் ஆயிரம் பேரா?

பங்குனி உற்சவத்தின் எட்டாம் நாள், மயிலாப்பூர் மாட வீதிகளில் அறுபத்து மூவர் வலம் வரும்போது, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கைப்பேசிகளை விலக்கித்தான் கபாலீசுவரரைப் பார்க்க முடியும். அன்றிரவே படங்கள் இணையத்தில் ஏறிவிடும். மறுநாள் நண்பர்கள் கேட்பது: “வியூஸ் எவ்வளவு போச்சு?”

அந்த எண்ணைத் தலைக்கணக்காக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம். எதைப் பார்வை என்று எண்ணுவது என்பதை அந்தந்தத் தளமே முடிவு செய்கிறது.

இன்ஸ்டாகிராம் 2024 ஆகஸ்டில், ரீல்ஸ், ஸ்டோரி, படம் எல்லாவற்றுக்கும் ‘வியூஸ்’தான் முதன்மை அளவுகோல் என்று அறிவித்தது. படம் திரையில் வந்தாலே ஒரு வியூ. அடையாறு டெப்போவில் பஸ்ஸுக்கு நிற்பவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும்போது உங்கள் உற்சவப் படம் கடந்தாலும் கணக்கு ஏறும். சாயங்காலம் அதே ஆள் மறுபடி பார்த்தால் இன்னொன்று. எத்தனை கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்வது ‘ரீச்’. 900 வியூஸ், 400 ரீச் என்றிருந்தால், சராசரியாக ஒரு கணக்குக்கு இரண்டு தடவைக்கும் மேல் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

2004இல் தொடங்கிய புகைப்படத் தளமான ஃபிளிக்கர் பழைய ஆள். லாகின் செய்துகொண்டு நம் படத்தை நாமே எத்தனை முறை திறந்து ரசித்தாலும் அங்கே கணக்கில் சேராது. நல்ல ஏற்பாடு!

விக்கிப்பீடியாவில் கதை வேறு. கோயில் கோபுரத்தைப் படம் எடுத்து, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுகிறீர்கள். யாரோ அதைக் கோயில் கட்டுரையில் சேர்க்கிறார்கள். அந்தக் கட்டுரையின் பக்கப் பார்வைகளைப் படத்தின் பார்வைகளாகவே கூட்டிச் சொல்லும் கருவிகள் உண்டு. கட்டுரையின் அடியில் கிடக்கும் படத்துக்கும், முதல் பத்தியோடு திரும்பிப்போன வாசகரின் வரவு சேர்ந்துவிடும். தங்கள் படங்களை அங்கே ஏற்றும் அருங்காட்சியகங்கள் இந்தக் கூட்டுத்தொகையைப் பெருமையாகச் சொல்லும்போது, எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

சில சமயம் எண் நகராமல் நின்று, திடீரென்று தாவும், குறையவும் செய்யும். பெரிய தளங்கள் ஒவ்வொரு பார்வைக்கும் தரவுத்தளத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் சர்வர் தாங்காது. பதிவுகளைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கூட்டுவது வழக்கம். தேடுபொறிகள் அனுப்பும் பாட்களும் (தானியங்கி நிரல்கள்), காசுக்கு வியூஸ் விற்பவர்களின் பாட்களும் அந்தப் பதிவுகளில் இருக்கும். அவற்றைத் தளங்கள் கழிக்கப் பார்க்கின்றன. யூடியூபில் 2015 வரை, 301ஐத் தொட்டதும் எண் அப்படியே நின்றுவிடும். சரிபார்த்த பிறகே மேலே போகும்.

தி.நகர் புடவைக் கடைக்காரர் விளம்பரத்துக்காக ஒரு இன்ஸ்டாகிராம்காரரைப் பேசி முடிக்கும் முன், வியூஸ் ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடக் கூடாது. ‘இன்சைட்ஸ்’ பகுதியைத் திறந்து காட்டச் சொல்லலாம். ரீச் எவ்வளவு, எத்தனை பேர் சேவ் செய்தார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எந்த ஊர் என்பதும் தெரியும். முதலிடத்தில் டெல்லி இருந்தால், உஸ்மான் சாலைக் கடைக்கு அதனால் எத்தனை புடவை விற்கும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.