‘இவளுக்கு இது போதும்’

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்து முதல் வாரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். வெளியே மூடுபனியும் சாரலும். வகுப்பினுள் புதிய வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஆசிரியை அமர்ந்திருக்கிறார். "பெயர் என்ன? எந்த ஊர்? அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார். ஒருத்தி சேலத்து டாக்டரின் மகள். அடுத்தவளின் தந்தைக்குப் பெங்களூரில் வியாபாரம். மூன்றாமவள் நாகலூர்ப் பக்கத்து மலைக்கிராமம். தாயும் தந்தையும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. மூவருக்கும் சேர்த்து மூன்று நிமிடம் ஆகியிருக்குமா? அதற்குள் இரண்டு பதிவுகள் முடிந்துவிடுகின்றன. ஒன்று பதிவேட்டில், மற்றொன்று ஆசிரியையின் மனத்தில். முதலாவதைத் தலைமையாசிரியை பார்த்துக் கையெழுத்திடுகிறார். இரண்டாவதை எவரும் பார்ப்பதில்லை. அந்த இரண்டாவது பதிவைப் பற்றியே இக்கட்டுரை.

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைத்திருந்த வழக்கம் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. பள்ளியின் கதவு திறந்தது. ஆனால் ஆசிரியரின் மனக்கதவு தீர்ப்பினால் திறப்பதன்று. அங்கே பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பற்றித் திரட்டிய விவரங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வொன்று உண்டு. ஒரே மாணவனைப் பற்றி அவனுக்குப் பாடம் நடத்தும் இரண்டு ஆசிரியர்களிடம், "இவன் எவ்வளவு தூரம் படிப்பான்?" என்று தனித்தனியே கேட்டிருந்தார்கள். மாணவன் கறுப்பினத்தவனாக இருந்தால், கறுப்பினத்தவரல்லாத ஆசிரியர் கறுப்பின ஆசிரியரைவிடக் குறைவாகவே அவனை மதிப்பிட்டார். மாணவன் ஒருவன்தான், பார்த்த கண்தான் வேறு.

இங்கிலாந்தில் நடந்ததோ இன்னும் வேதனையானது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கென்றிருந்த தனிப் பள்ளிகளுக்கு அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் அனுப்பப்பட்டார்கள். கிரனடா நாட்டைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட் என்னும் ஆசிரியர் 1971-இல் சிறு நூல் ஒன்று எழுதி இதை அம்பலப்படுத்தினார். அப்பிள்ளைகள் பேசியதும் ஆங்கிலமே. ஆனால் அது தீவுகளில் வழங்கும் ஆங்கிலம். ஆசிரியர்களின் காதுக்கு அது பிழையான ஆங்கிலமாகப் பட்டது. பிழையாகப் பேசுகிறவன் மந்த புத்திக்காரன் என்று முடிவாயிற்று.

"இது எங்கேயோ வெள்ளைக்காரர் நாட்டில் நடந்த கதை" என்று எண்ணிவிட வேண்டாம். பேச்சைக் கொண்டு பிள்ளையை அளக்கும் வழக்கம் நம் மலையிலும் உண்டு.

சேர்வராயன் மலையின் பழங்குடியினரை மலையாளிகள் என்கிறோம். கேரளத்தார் என்று வெளியூர்ப் பெற்றோர்கள் மயங்கக்கூடும், அல்லர். இவர்கள் தமிழ் பேசும் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் புறப்பட்டு வந்து மலையேறினார்கள் என்பது இவர்களின் மரபுக் கதை. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை எல்லாவற்றிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காப்பிச் செடியை இங்கே கொண்டுவருவதற்கு வெகு காலம் முன்பே இவர்கள் இம்மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவித்து வந்தவர்கள். பின்னர்த் துரைமார்களின் பங்களாக்கள் வந்தன; அவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளும் வந்தன. அப்பள்ளிகளின் மதிற்சுவரை ஒட்டிய பாதையில் விறகுச் சுமையுடன் நடந்து போன மலைப் பிள்ளைகள் உள்ளே வரவேண்டியவர்கள் என்று அந்நாளில் பெரும்பாலும் எவருக்கும் தோன்றியதில்லை. 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரில் மட்டும் எடுத்துப் பார்த்தால் 54 பேர். இந்த இடைவெளிக்கு வறுமை, தூரம், பாதை வசதியின்மை எனப் பல காரணங்கள் உண்டு. ஆசிரியரின் மனம் அவற்றுள் ஒன்றுதான். ஆனால் அது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

தோட்டத்தில் பழம் பறிப்புக் காலம் வந்துவிட்டால் கிராமப் பள்ளிகளில் வருகை குறையும். தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குப் போக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்பாள். ஒரு வாரம் கழித்து அவள் வகுப்புக்கு வரும்போது பாடம் நான்கு பக்கம் தாண்டியிருக்கும். "இவர்களுக்குப் படிப்பில் அக்கறை கிடையாது" என்ற தீர்ப்பு அப்போது நம் வாயில் எவ்வளவு எளிதாக வருகிறது! டாக்டர் வீட்டுப் பெண் அக்காள் கலியாணத்துக்காக ஒரு வாரம் வராதிருந்தால் அவளுக்கென்று தனியாக உட்கார்ந்து விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறோமே, அங்கே அக்கறையைப் பற்றி யார் பேசினோம்?

குறைத்து மதிப்பிடுதல் கோபமாகவோ வெறுப்பாகவோ வருவது அபூர்வம். பெரும்பாலும் அது இரக்கத்தின் உருவில் வரும். "பாவம், இவளுக்கு இது போதும்." கணக்கில் கடினமானதை அவளிடம் கேட்பதில்லை, கேட்டால் அவள் விழிப்பாள், அதைப் பார்க்க நமக்கு மனம் வராது. கேள்வி கேட்டுவிட்டு மற்றவளுக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறோம். இவளுக்காகக் காத்திராமல் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறோம். அவள் கட்டுரையில் பத்துப் பிழை இருந்தால் மூன்றைத் திருத்திவிட்டு "நன்று" என்று போடுகிறோம். நாடகத்தில் அவளுக்குப் பேச்சில்லாத வேடம். விழா முடிந்தபின் நாற்காலி அடுக்க முதலில் அழைப்பதும் அவளைத்தான். இவற்றில் ஒன்றையாவது குற்றம் என்று எவரும் புகார் செய்ய முடியாது. பத்தாண்டுகள் இவை சேர்ந்தால் ஒரு பெண்ணின் படிப்பு அதுவே.

எதிர்பார்ப்புக்கு இவ்வளவு வல்லமை உண்டா என்று ஐயுறுவோர் ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் என்னும் இருவர் 1968-இல் வெளியிட்ட ஆராய்ச்சியை அறிந்திருப்பது நல்லது. கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளி. அங்கே பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்து, "இந்தப் பிள்ளைகள் இவ்வாண்டு வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டுவார்கள்" என்று ஐந்தில் ஒரு பங்கு பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். உண்மையில் அப்பெயர்கள் குலுக்கல் போல எடுக்கப்பட்டவை. ஆண்டு முடிவில் மீண்டும் சோதித்தபோது, முதலிரண்டு வகுப்புகளில் அப்பிள்ளைகள் உண்மையாகவே மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அவ்வளவு வேறுபாடு இல்லை. முன்னேற்றம் எவ்வளவு என்பது பற்றி அறிஞர்கள் பின்னாளில் கடுமையாக வாதாடினர், வாதாடியது சரியே. ஆனால் சின்னஞ்சிறு வகுப்புகளை நடத்தும் ஆசிரியைகள் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள்.

இங்கே நம் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் நாம் தமிழ் நடத்திக்கொண்டிருந்தோம். ‘மழைக்காலத்தில் ஒரு நாள்’ என்று எட்டாம் வகுப்புக்குக் கட்டுரை கொடுத்திருந்தோம். விடுதியில் தங்கிப் படித்த மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். மூடுபனி வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வந்து அடுப்படி வரை போவதை, பாட்டி அதைப் பூனையை விரட்டுவது போல முறத்தால் விசிறி விரட்டுவதை எழுதியிருந்தாள். படித்ததும் நாம் அவளை அழைத்துக் கேட்டது: "யாரம்மா எழுதிக் கொடுத்தார்கள்?"

கடுமையாகக்கூடக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டோம். அவள் ஒன்றும் சொல்லாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த மாதம் ‘எனக்குப் பிடித்த தலைவர்’ என்ற கட்டுரை. நோட்ஸில் அச்சிட்டிருந்தபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். அதற்கு நாம் பத்துக்கு ஏழு போட்டோம். அவள் தன் வீட்டைப் பற்றி எழுதிய கட்டுரையாக அதன்பின் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. அந்தக் கேள்வியை மருத்துவர் மகளிடம் நாம் கேட்டிருப்போமா என்பதை யோசிக்க நமக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

பிள்ளை ஏன் அப்படிச் சுருங்கிப் போகிறாள்? இதற்கும் நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களை அழைத்துவந்து, புதிர்வழிப் படங்களில் வழி கண்டுபிடிக்கச் செய்தார்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பெண் ஆராய்ச்சியாளர்கள். சாதியைப் பற்றிய பேச்சே எழாதபோது, மேல்சாதிச் சிறுவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்தார்கள். பின் மற்றொரு குழுவில், தந்தை பெயர், பாட்டனார் பெயர், சாதி ஆகியவற்றை எல்லாரும் கேட்க உரக்கப் படித்துவிட்டு அதே வேலையைக் கொடுத்தார்கள். இம்முறை ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் பின்தங்கினார்கள். புதிரும் அதுவே, வயதும் அதுவே.

"உதவித்தொகைக்குரியவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் நாம் சொல்லும்போது இதைத்தான் செய்கிறோம். இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் படித்த நாளில், தம் குலமும் குடியிருப்பும் தெரிந்துவிடுமே என்று அஞ்சி, மணி அடிக்கும் வரை வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, பள்ளி விட்டதும் விரைந்து வீடு போய்ச் சேர்ந்ததைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்கார்ந்து படித்தவர். பியூன் வந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர். இவ்விருவரும் 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக ஒன்றாக அமர்ந்தார்கள். ஆனால் இக்கதையைச் சொல்லி, "திறமை இருந்தால் எதையும் வென்றுவிடலாம்" என்று மாணவியருக்குப் போதிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. மணி அடிக்கும் வரை வெளியே உட்கார்ந்திருந்து, பிறகு ஒரு நாள் பள்ளிக்கே வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் வாழ்க்கைக் குறிப்பை எவரும் எழுதவில்லை.

தமிழ்நாட்டில் நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருத்தல் கூடாது, ஆசிரியர்கள் மாணவரைச் சாதி சொல்லி அழைத்தல் கூடாது, உதவித்தொகைச் செய்தியை வகுப்பில் பேசாமல் தலைமையாசிரியர் அறையில் தனியே சொல்ல வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள் உள்ளன. செலவில்லாத காரியங்கள்.

மதிப்பெண் போடும் கையைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்னும் இருவர் இந்திய நகரம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பரிசுத் தேர்வு வைத்தார்கள். விடைத்தாள்களின் முகப்பில் சாதி முதலிய விவரங்களை மாற்றி மாற்றிக் குறித்து, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 2012-இல் அச்சான அதன் முடிவு: தாழ்த்தப்பட்ட சாதி என்று குறித்த தாள்களுக்குச் சற்றே குறைந்த மதிப்பெண் விழுந்தது. வேறுபாடு சிறியதுதான். ஆனால் அப்படிக் குறைத்துப் போட்டவர்கள் மேல்சாதி ஆசிரியர்கள் அல்லர்; அதே ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. இதைப் படித்தபோது நாம் திகைத்தோம். சிறு வயதில் தம்மைப் பற்றிப் பிறர் சொன்னதை அவர்கள் மனமும் நம்பிவிட்டதோ என்னவோ. மற்றொன்றும் தெரிந்தது. திருத்தத் தொடங்கிய முதல் சில தாள்களில்தான் பாரபட்சம் மிகுதி. அளவுகோல் கைக்கு வராத நேரத்தில், முகப்பில் இருக்கும் சொல் அளவுகோலாகிவிடுகிறது.

நாசரேத்தூரைப் பற்றி நத்தனியேல் எழுப்பிய ஐயத்தை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறீர்கள். ஜவ்வாது மலைப் புலியூரைப் பற்றி நாம் என்ன நினைத்திருப்போம்? அவ்வூரைச் சேர்ந்த மலையாளிப் பெண்ணான ஸ்ரீபதி, குழந்தை பெற்ற சில நாட்களிலேயே போய்த் தேர்வு எழுதி, உரிமையியல் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி 2024 பிப்ரவரியில் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதே ஆண்டில் பச்சைமலையிலிருந்து ஒரு பெண் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தாள். அதைக் கேள்விப்பட்டு, "ஆச்சரியமாக இருக்கிறதே!" என்று நம்மில் பலர் சொன்னோம். அந்த ஆச்சரியத்தைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

இவ்வாண்டு அரையாண்டுத் தேர்வில் நாம் ஒரு சிறு மாற்றம் செய்து பார்த்தோம். தமிழ்த் தாள்களில் பெயருக்குப் பதில் எண் மட்டும். பெயர்ப் பட்டியலைச் சகோதரி ஒருவர் தம் மேசைக்குள் பூட்டி வைத்துக்கொண்டார். கையெழுத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், சில கையெழுத்துகளைக் கண்டுகொண்டோம். கண்டுகொண்டவை எல்லாம் நாம் அடிக்கடி கரும்பலகைக்கு அழைக்கும் மாணவியருடையவையாகவே இருந்தன. மற்றவர்களின் கையெழுத்து நமக்கு அவ்வளவாகப் பழக்கமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பட்டியலுடன் எண்களை ஒப்பிட்டபோது, மேலே வந்த இரண்டு பெயர்களை மறுபடியும் சரிபார்த்தோம். எண் தவறாயிருக்குமோ என்று. தவறில்லை.

வரும் ஆண்டிலிருந்து கட்டுரைப் போட்டிக்கும் கவிதைப் போட்டிக்கும் இதே முறை. தாளின் முகப்பில் பெயரோ வகுப்போ விடுதியோ எழுத வேண்டாம் என்று மாணவியரைக் கேட்டுக்கொள்கிறோம். எண்ணை அலுவலக அறையில் பெற்றுக்கொள்ளலாம்.