வெள்ளி வென்றவரை ஒரு தேசம் ஏன் மறக்கவில்லை?

ஈரானில் இன்றும் பல விளையாட்டரங்குகள் ஒரு மல்யுத்த வீரரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் குலாம்ரெஸா தக்தி. அந்நாட்டு மக்கள் அவரை 'ஜஹான் பஹ்லவான்', அதாவது உலக மாவீரர் என்றே அழைக்கின்றனர். இத்தனைக்கும் அவர் ஒலிம்பிக்கில் வென்றது ஒரு தங்கமும் இரண்டு வெள்ளிகளும்தான்.

தெஹ்ரானின் தெற்கே ஏழை மக்கள் வாழ்ந்த கானியாபாத்தில் 1930 இல் பிறந்தவர் தக்தி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளி, 1956 மெல்பேர்னில் தங்கம், 1960 ரோமில் மீண்டும் வெள்ளி. 1959 இலும் 1961 இலும் உலக சம்பியன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம்.

அவர் போட்டியிட்டது ப்ரீஸ்டைல் பிரிவில். கிரேக்க-ரோமன் முறையில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. ப்ரீஸ்டைலில் எதிராளியின் கால்களைப் பிடித்து வீழ்த்தலாம். இரு தோள்களையும் மெத்தையில் அழுத்திவிட்டால் வெற்றி. ஆகவே, எதிராளியின் காலில் காயமிருந்தால் அதைத் தாக்குவதுதான் இலகுவான வழி. சட்டமும் அதைத் தடுப்பதில்லை.

இதை விளங்கிக்கொண்டால்தான் ஈரானியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு சம்பவத்தின் பெறுமதி புரியும். சோவியத் வீரர் அலெக்சாண்டர் மெத்வேத் முழங்காலில் காயத்துடன் தக்தியை எதிர்கொண்டாராம். அதை அறிந்த தக்தி, கடைசிவரை அந்தக் காலைத் தொடவே இல்லையாம். 1962 உலகப் போட்டியில் மெத்வேதுக்குத் தங்கமும் தக்திக்கு வெள்ளியுமே கிடைத்தன.

அதே ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் திகதி பூயீன் ஸஹ்ரா பகுதியைப் பூமியதிர்ச்சி தாக்கியது. 12,000 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தக்தி தெஹ்ரான் வீதிகளில் இறங்கி, பாதிக்கப்பட்டோருக்காக மக்களிடம் உதவி கேட்டார். மக்கள் அள்ளிக் கொடுத்தனர். சில மாதங்களுக்கு முன் தங்கத்தைத் தவறவிட்டவர் என்று அவரை யாரும் குறைவாக எடைபோடவில்லை.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. ஈரானின் பாரம்பரிய உடற்பயிற்சிக் கூடமான 'ஸூர்கானே'யில் உடல் வலிமையோடு பணிவும் பெருந்தன்மையும் சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன. பலசாலி எல்லோரும் அங்கு பஹ்லவான் ஆகிவிட முடியாது. பலவீனருக்குத் துணை நிற்பவருக்கே அந்தப் பெயர். தக்தியை மக்கள் அளந்ததும் இந்த அளவுகோலால்தான்.

1968 ஜனவரியில், 37 வயதில், தெஹ்ரானின் ஹோட்டல் அறையொன்றில் அவர் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது அரசு. மக்களில் பலர் அதை நம்பவில்லை. அவரது இறுதிச் சடங்கில் பெருந்திரளான மக்கள் கூடினர்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு மதிப்பீடு பற்றி நிறையவே கற்பித்தார்கள். ஆனால் பாடசாலைகளில் நாம் நடைமுறையில் மதிப்பிடுவது எதை? புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள் மதிலில் தொங்குகின்றன. இரண்டு புள்ளிகளால் தவறிய பிள்ளை தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைகிறது. இல்ல விளையாட்டுப் போட்டியில் விழுந்த சக மாணவனைத் தூக்கிவிட நின்று கடைசியாக வந்தவனுக்குச் சான்றிதழ் இல்லை.

முதலிடம் பெறுவோரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வரும் பரிசளிப்பு விழாவில், அப்படித் தூக்கிவிட்ட பிள்ளையின் பெயரையும் மேடையில் வாசிப்போம். பிள்ளைகள் நாம் எதற்குக் கைதட்டுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் எது பெரிது என்று முடிவு செய்கிறார்கள்.