ஓசூரில் மர்மம்: 4 மீன்களைக் கொன்றது யார்?

ஆயுத பூஜை கொண்டாடிய வீட்டில் நடந்த சோகம்

ஓசூர்,

ஆயுத பூஜை முடிந்து 3-வது நாள் காலை. கையில் காபி டம்ளருடன் ஹாலுக்கு வந்த 'சிப்காட்' தொழிலாளி ஒருவர், "ஐயோ!" என்று அலறினார்.

கண்ணாடித் தொட்டியில் 4 மீன்கள் செத்து மிதந்தன. 5-வது மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறிக்கொண்டு இருந்தது.

அவர் என் நண்பர். லேத்து ஓட்டுகிறவர். வளர்த்தது சாதாரண மீன் அல்ல. கடல் மீன்! ஓசூரில் இருந்து சென்னைக் கடற்கரை 300 கிலோ மீட்டருக்கு மேல். ஆனாலும் ஆசை விடவில்லை. 100 லிட்டர் தொட்டி வாங்கி, கடல் உப்புப் பொடி கலந்து, 5 மாதமாகக் கண் போல வளர்த்து வந்தார்.

போன் வந்ததும் ஓடினேன். எனக்குப் பழக்கம் கொலை, கொள்ளை. மீன் 'கேஸ்' இதுதான் முதல் தடவை.

யார் மேல் சந்தேகம்?

நண்பரின் மனைவிக்குச் சாம்பிராணி மேல் சந்தேகம். "தொட்டி பக்கத்துலயே புகை போட்டோம்ணா. அதான் ஒத்துக்கல" என்றார்.

நண்பருக்கு உப்புப் பாக்கெட் மேல் சந்தேகம். "புது பாக்கெட்டு. டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார்.

வண்ண மீன் கடை வைத்தே தலை நரைத்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் செத்த மீனைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் தொட்டித் தண்ணீரை எடுத்தார். சொட்டு மருந்து விட்டார். விசாரணை தொடங்கியது.

உப்பு: கடல் அளவு லிட்டருக்கு 35 கிராம். 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ. அளவுமானி 1.025 காட்டியது. சரியான அளவு. உப்பு விடுதலை!

காரத்தன்மை: 8.2. கடலிலும் ஏறக்குறைய அதுதான். விடுதலை!

சூடு: 26 டிகிரி. அதுவும் விடுதலை!

கடைசிக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக இருக்க வேண்டும். கரும்பச்சையாக மாறியது.

"ஆள் அகப்பட்டான்" என்றார் பெரியவர்.

கொலையாளியின் பெயர் அமோனியா!

கதவைத் திறந்து விட்டது யார்?

அமோனியா வெளியில் இருந்து வந்த ஆள் அல்ல. மீன்கள் செவுள் வழியாக விடும் கழிவுதான் அது. தின்னாமல் மிச்சமாகும் தீனி அழுகினாலும் வரும். கடல் தண்ணீரில் காரம் கூடுதல். அதனால் அமோனியாவின் விஷமும் அங்கே கூடுதல்.

அப்படியானால் 5 மாதம் மீன்கள் பிழைத்தது எப்படி?

காவல்காரர்கள் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். 'பில்டர்' பஞ்சிலும் மணலிலும் குடியிருப்பவை. ஒரு வகை, அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதில் கெடுதல் குறைவு. புதுத் தொட்டியில் இந்தப் படை சேர 4 முதல் 6 வாரம் ஆகும்.

"தம்பி, பூஜைக்கு என்ன பண்ணினே?" என்று கேட்டார் பெரியவர்.

நண்பர் பெருமையாகச் சொன்னார்: "கம்பெனியில லேத்தைத் துடைச்சேன். வீட்டுல ஸ்கூட்டரைக் கழுவினேன். அப்புறம் தொட்டி. பஞ்சு, மணல் எல்லாத்தையும் குழாய்த் தண்ணியில அலசி, மொட்டை மாடியில காயப் போட்டேன். ரெண்டு நாளா குளோரின் போக வெச்சிருந்த தண்ணியில புது உப்பு கலந்து ஊத்தினேன். கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம் கூட வெச்சேங்க. பண்டிகைன்னு பசங்க தீனியும் அள்ளிப் போட்டாங்க."

பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பஞ்சுல வழவழன்னு ஒட்டியிருந்தது அழுக்கு இல்ல தம்பி. அதுதான் காவல். பாதியைக் குழாய்த் தண்ணி குளோரின் கொன்னுடுச்சு. மீதியை வெயில் கொன்னுடுச்சு."

சுத்தம் செய்த கைதான் கொன்ற கை! நண்பர் கண் கலங்கினார்.

5-வது மீன் பிழைத்தது

உடனே 25 லிட்டர் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே உப்பு, அதே சூடு உள்ள புதுத் தண்ணீரை ஊற்றினோம். தீனி நிறுத்தப்பட்டது. இரவு முழுவதும் காற்று மோட்டார் ஓடியது. பெரியவர் தன் கடல் மீன் தொட்டியில் ஓடிய பழைய பஞ்சு ஒன்றைக் கொடுத்தார். தினமும் சோதனை. பச்சை தெரிந்தால் மறுபடியும் தண்ணீர் மாற்றம். 3-வது வாரம் குழாய் மஞ்சள் காட்டியது. மீன் பிழைத்தது.

பெரியவர் சொன்ன எச்சரிக்கை

எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவாதீர்கள். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை லேசாகப் பிழியுங்கள்.

தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே இருக்கும். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

சமையல் உப்பு உதவாது. உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு, மக்னீசியத்தில் பெரும்பகுதி கசப்பு நீரில் தங்கிவிடுகிறது. கடல் மீனுக்கு அதுவும் வேண்டும்.

போர் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பதால்தானே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது!

நான் சொல்ல வேண்டியது ஒன்று. கடல் குதிரை, பவளப் பாறை என்று யாராவது ரகசியமாக விற்றால் வாங்காதீர்கள். 2001-ம் ஆண்டு முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. வாங்கினால் கம்பி எண்ண நேரிடும்.

அணைக்கு யார் காவல்?

நண்பர் தொட்டியில் ஒரு நுரை மிஷின் ஓடுகிறது. காற்றுக் குமிழியில் அழுக்கு ஒட்டி, நுரையாக மேலே ஏறி, ஒரு கோப்பையில் விழுகிறது. காலையில் அதைக் கொட்டிவிடுகிறார்.

திரும்பும்போது கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வந்தேன். பெங்களூர்ச் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் கலந்து வரும் தென்பெண்ணையில், மழைக் காலத்தில் மலை மலையாக நுரை பொங்குவதை ஓசூர்க்காரர்கள் எத்தனையோ தடவை பார்த்து இருக்கிறார்கள். அந்தச் சாக்கடையிலும் இருப்பது அதே அமோனியாதான். அந்த அணையிலும் மீன்கள் இருக்கின்றன.

100 லிட்டர் தொட்டிக்கு அழுக்கைக் கொட்ட ஒரு கோப்பை இருக்கிறது. அணைக்கு?