ஜிம்மிக்கு என்னாச்சு?

இன்னைக்கு எங்க வீட்டு நாய் ஜிம்மியைப் பத்திப் பேசப்போறேன். வயசு 11. சாதி நாய் எல்லாம் இல்ல, தெருவுல பொறந்து எங்க வீட்டு வாசல்ல வந்து படுத்த பழுப்பு நாய். சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டர் போல போனா பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல வரிசையா இருக்கிற மீனவக் குப்பங்கள்ல ஒண்ணு எங்க ஊரு. நான் வேலைக்காக சென்னையில இருக்கேன், வார லீவுக்கு ஊருக்குப் போவேன். நைனா, அம்மா, ஆயா, ஜிம்மி நாலு பேரும் அங்க.

போன வருஷம் மாசி மாசம் ஒரு சனிக்கிழமை நான் போனப்போ அவன் எழுந்து வரல. வாலை மட்டும் ரெண்டு தரம் தரையில தட்டினான். அம்மாவைக் கேட்டா, "ஒரு வாரமா இப்படித்தான்டா. சோறு வெச்சா மோந்து பாத்துட்டு போயிடறான்"னாங்க. ஆயா தீர்ப்பே எழுதிட்டாங்க: "வயசாயிடுச்சு, அவ்ளோதான்."

அடுத்த ஒன்பது மாசம் நாங்க கேட்ட கேள்வி ஒண்ணுதான்: இவனுக்கு என்ன? கடைசி வரைக்கும் முழு பதில் கிடைக்கல. ஆனா பதில் கிடைக்காம இருக்கும்போது என்ன செய்யலாம்னு கொஞ்சம் கத்துக்கிட்டோம். வீட்டுல வயசான நாய் வெச்சிருக்கிற யாருக்காவது பயன்படலாம்.

முதல்ல நான் பண்ண ஒரு பெரிய தப்பைச் சொல்லிடறேன். மீன் ஊர்ல நாய் சாப்பிடலன்னா எல்லாரும் முதல்ல சொல்றது, "தொண்டையில முள்ளு மாட்டிருக்கும்". நானும் அவன் வாயைத் திறந்து, கையை உள்ள விட்டு, டார்ச் அடிச்சுத் தேடினேன். முள்ளு இல்ல. இதை அப்புறமா டாக்டர்கிட்ட பெருமையா சொன்னப்போ அவர் முகம் மாறிடுச்சு. வெறிநோய் வந்த நாய் பல சமயம் பாக்க இப்படித்தான் இருக்கும்: விழுங்க முடியாது, எச்சில் ஒழுகும், வாய் தொங்கும், குரல் மாறும். ஏதோ சிக்கியிருக்குன்னு நெனச்சு வாய்க்குள்ள கை விடுறவங்க அந்த எச்சிலைத் தொடறாங்க. கையில சின்னக் கீறல் இருந்தாலே போதும். மனுஷனுக்கு வெறிநோய் அறிகுறி ஆரம்பிச்சிட்டா கிட்டத்தட்ட பிழைக்கிறதே இல்ல. ஜிம்மிக்கு வருஷா வருஷம் ஊசி போட்டிருந்தோம், தப்பிச்சேன். ஊசி போடாத நாய்னா கையை உள்ள விடாதீங்க. கை பட்டுட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அடுத்த சந்தேகம் பேத்தை மீன். வலையில மாட்டினா விலை போகாது, கரையிலேயே தூக்கிப் போட்டுடுவாங்க. அதுல கொடிய விஷம் இருக்கு, அதனால நாய் தின்னுடுச்சோன்னு நைனாவுக்குப் பயம். ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த விஷம் வேலை காட்டறது மணிக்கணக்குல. வாரக்கணக்குல இழுக்காது. இந்த ஒரு விஷயம்தான் எனக்குப் பிறகு ரொம்ப உதவுச்சு. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிக் கடிகாரம் இருக்கு. விஷம்னா மணிநேரம். வெறிநோய்னா அறிகுறி தெரிஞ்சு பத்து நாளைக்குள்ள நாய் செத்துடும். சிறுநீரகம் கெட்டுப்போறது மாசக்கணக்குல, சத்தமே இல்லாம நடக்கும். வயசான நாய் திடீர்னு தலையைச் சாய்ச்சுக்கிட்டு, கண்ணு ரெண்டும் படபடன்னு ஆட, வட்டமடிச்சு விழும். பாக்கறவங்க பக்கவாதம்னு அழுதுடுவாங்க. பல நேரம் அது உள்காதுல சமநிலை கெடறதுதான். காரணம் தெரியாமலேயே ரெண்டு மூணு நாள்ல குறைய ஆரம்பிச்சு, சில வாரத்துல சரியாயிடும்.

ஜிம்மியோட கடிகாரம் இது எதுலயும் பொருந்தல. ரெண்டு வாரம் படுத்தே கிடப்பான். அப்புறம் பத்து நாள் பழைய ஜிம்மி, படகு கரை தட்டினதும் ஓடுவான். திரும்பவும் படுத்துடுவான். பக்கத்து டவுன்ல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். தொட்டுக்கூடப் பாக்காம, "வயசு ஆயிடுச்சுல்ல, பாத்துக்கோங்க"ன்னு ஒரு சத்து டானிக் எழுதித் தந்தாங்க. வயசுங்கிறது நோய் இல்லீங்க. வயசான நாய்க்கும் காய்ச்சல் வரும், ரத்தம் குறையும். அதுக்கு மருந்தும் இருக்கு.

சித்திரையில ஒரு நாள் காலையில அவன் படுத்திருந்த வலை மேல ரத்தம். மூக்குலேருந்து. அன்னைக்குத்தான் நைனா, "மெட்ராஸ் கொண்டு போலாம்"னார்.

எப்படிக் கொண்டு போறது? பஸ்ல ஏத்த மாட்டாங்க, மின்சார ரயில்லயும் முடியாது. விடியக்காலைல நண்டு ஏத்திட்டு காசிமேடு போற டாடா ஏஸ்ல, ஐஸ் பொட்டிக்கு நடுவுல சாக்கு விரிச்சு, நானும் ஜிம்மியும் போனோம். வேப்பேரியில கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1903-ல ஆரம்பிச்ச கல்லூரி. கன்னுக்குட்டி, கிளி, ஆடு, விலை ஒசந்த நாய்ங்கன்னு எல்லாம் ஒரே வரிசையில. எங்க மேல நண்டு வாசம்.

டாக்டர் முதல்ல ஈறைப் பாத்தார். ரோஸ் கலர்ல இருக்க வேண்டியது வெளிறிக் கிடந்துச்சு. அப்புறம் காது மடலுக்குள்ள, விரல் இடுக்குல தடவிப் பாத்து, "உண்ணி நிறைய வருமா?"ன்னார். எங்க ஊர் நாய்க்கு உண்ணி இல்லாத நாள் ஏது? ரத்தம் எடுத்தாங்க. பிளேட்லெட் ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கணும், இவனுக்கு 42 ஆயிரம். எலிக்காய்ச்சலா இருக்குமோன்னும் பேசினாங்க, எலியும் எங்க ஊர்ல பஞ்சம் இல்ல. ஆனா டாக்டர் அதிகமா சந்தேகப்பட்டது எர்லிக்கியா கேனிஸ்ங்கிற பாக்டீரியா.

இந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. வியட்நாம் போர் நேரத்துல அமெரிக்க ராணுவத்தோட ஜெர்மன் ஷெப்பர்டு நாய்ங்க இளைச்சு, மூக்குல ரத்தம் ஒழுகி சாக ஆரம்பிச்சுது. 1968-லேருந்து 1970-க்குள்ள 150-க்கும் மேல செத்துச்சு. காரணம் தெரியாம அதுக்கு வெச்ச பேரு, தமிழ்ல சொல்லணும்னா, வெப்பமண்டல நாய்களோட ரத்த அணுக் குறைவு. கவனிச்சீங்களா? அது நோயோட பேரு இல்ல. ரிப்போர்ட்ல தெரிஞ்சதை அப்படியே பேரா வெச்சுட்டாங்க. கடைசியில கண்டுபிடிச்சா அது எர்லிக்கியா. 1935-லயே அல்ஜீரியாவுல ரெண்டு பிரெஞ்சுக்காரங்க அதை விவரிச்சு எழுதி வெச்சிருந்தாங்க. பதில் முப்பது வருஷத்துக்கு மேல புத்தகத்துலயே தூங்கிட்டு இருந்திருக்கு.

உள்ள என்ன நடக்குதுன்னா, இந்தக் கிருமி ரத்தத்துல ஒரு வகை வெள்ளை அணுவுக்குள்ளயே போய் வாழும். பரப்பறது பழுப்பு நாய் உண்ணி. கடிச்ச சில வாரத்துல காய்ச்சல், சோர்வு வரும், தானா போயிடும். அதுக்கப்புறம் மாசக்கணக்குல, ஏன் வருஷக்கணக்குல கூட நாய் நல்லாத்தான் இருக்கும். கிருமி மண்ணீரல்ல, எலும்பு மஜ்ஜையில ஒளிஞ்சிருக்கும். சில நாய்க்கு அப்படியே போயிடும். சிலதுக்கு மஜ்ஜையே ஓய்ஞ்சுபோய் எல்லா அணுவும் குறையும். ரத்தம் உறையாது, மூக்குல வடியும், கண்ணு மங்கும். வயசான நாய்க்கு இது வந்தா பாக்கறதுக்கு அப்படியே முதுமை மாதிரியேதான் இருக்கும்.

அப்போ டெஸ்ட் பண்ணிடலாமேன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். ரத்தத்தைக் கண்ணாடியில தடவி மைக்ராஸ்கோப்ல பாத்தா, அணுவுக்குள்ள கிருமிக் கொத்து தெரியறது ரொம்ப அபூர்வம். ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ்னா, எப்பவோ ஒரு தரம் கிருமி உள்ள வந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். உண்ணியோட வாழ்ற ஊர் நாய்க்கு அது பெரிய துப்பு இல்ல. பி.சி.ஆர். நெகட்டிவ்னா, எடுத்த ரத்தத்துல அது சிக்கலங்கிறதுதான். ஜிம்மிக்கு ஆன்டிபாடி பாசிட்டிவ், மத்த ரெண்டும் நெகட்டிவ். டாக்டர் நேர்மையா சொன்னார்: "இதுதான்னு அடிச்சு சொல்ல முடியாது. மருந்து குடுத்துப் பாப்போம், கேக்குதான்னு." டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள்.

மூணாவது நாள் மீன் தின்னான். அம்மா எனக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி அழுதாங்க.

இங்கதான் நிறைய பேர் மாத்திரையை நிறுத்திடுவாங்க, நல்லாயிட்டான்னு. நாங்களும் நிறுத்தியிருப்போம். காப்பாத்துனது ஒரு நோட்டு. எங்க ஏரியில பாடுன்னு ஒரு முறை உண்டு. எந்த நாள்ல எந்த இடத்துல யார் வலை போடறதுன்னு முறை வெச்சுப் பிரிச்சுக்கிறது. நைனா தன்னோட முறையையும் அன்னைக்குக் கிடைச்ச எறாலையும் ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுதுவார். டாக்டர், "தெனம் எழுதி வைங்க"ன்னதும் அதே நோட்டுல பின்பக்கத்துலேருந்து ஜிம்மி கணக்கும் ஆரம்பிச்சுது. தின்னானா, எவ்ளோ தண்ணி, ஈறு என்ன நிறம், தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. முப்பதுக்குள்ள இருந்தா பயம் இல்ல. மாத்திரை குடுத்தா ஒரு டிக். எடையை மீன் தராசுல போட்டார்.

மருத்துவர்கிட்ட நாம "கொஞ்ச நாளா டல்லா இருக்கான்"னு சொன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. "ஒன்பது நாள்ல ஆறு நாள் சோறு விட்டான், தண்ணி ரெட்டிப்பு"ன்னு சொன்னா அவர் நிமிர்ந்து உக்காருவார். வாயில்லா ஜீவனுக்கு அந்த நோட்டுதான் வாய்.

உண்ணிக்கு வருவோம். இந்த உண்ணி பிறவியிலேயே கிருமியோட வர்றதில்ல. குஞ்சு உண்ணி ஒரு நாயைக் கடிச்சு கிருமியை வாங்கி, கீழ விழுந்து, தோல் உரிச்சு, வளர்ந்து அடுத்த நாயைக் கடிக்கும்போது குடுக்கும். நடுவுல அது இருக்கிறது நாய் மேல இல்ல. சுவர் விரிசல்ல, கூரையில, அவன் படுக்கிற இடத்தைச் சுத்தி. அதனால நாய்க்கு மட்டும் மருந்து போட்டா போதாது. ஜிம்மியோட இடத்தை மாத்தி, பழைய வலைக் குவியலை அப்புறப்படுத்தி, திண்ணை விரிசலை சிமென்ட் வெச்சு அடைச்சோம். எங்க ஊர்ல உண்ணிக்கு படகு டீசல் தடவுவாங்க, சொறிக்கு கழிவு ஆயில். ரெண்டும் தோலைப் பொசுக்கும், நாய் நக்கினா உள்ளயும் போகும். இன்னொண்ணு, நமக்குப் போடற பாராசிட்டமால், இபுப்ரோஃபென் மாத்திரையை உடைச்சு நாய்க்குக் குடுக்காதீங்க. டாக்டர் சொல்லாம எதுவுமே வேண்டாம்.

பிளேட்லெட் 1,10,000 வரை ஏறுச்சு. ஆடி வரைக்கும் நல்லா இருந்தான். அப்புறம் நோட்டுல தண்ணி அளவு ஏற ஆரம்பிச்சுது, எடை இறங்குச்சு. திரும்ப டாடா ஏஸ், திரும்ப வேப்பேரி. அணுவும் குறைஞ்சிருக்கு, சிறுநீரகக் கணக்கும் ஏறியிருக்கு. பழைய கிருமியா, அது விட்டுட்டுப் போன சேதமா, இல்ல வேற ஏதாவதா? எலும்பு மஜ்ஜை எடுத்துப் பாக்கலாம்னாங்க, மயக்க மருந்து குடுக்கணும்.

நைனா கேட்ட கேள்வியை நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்ல. "சார், அதுல எது வந்தாலும் நாம செய்யப்போறது மாறுமா?" டாக்டர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பெருசா மாறாது"ன்னார். வேண்டாம்னு வந்துட்டோம். அதுவரைக்கும் 18,000 ரூபாய் ஆகியிருந்துச்சு, எஞ்சின் ரிப்பேருக்கு வெச்சிருந்த காசு. இன்னும் எவ்ளோ வரை போலாம்னு அன்னைக்கே வண்டியில பேசி முடிவு பண்ணோம். அழுகையும் பயமுமா இருக்கிற ராத்திரியில அந்தக் கணக்கைப் போட முடியாது. காசைப் பத்தி யோசிச்சதுக்காக எனக்கு ரொம்ப நாள் குற்ற உணர்ச்சி இருந்துச்சு. இப்ப இல்ல.

பேரு தெரியாத நோயோட இருக்கும்போது "எப்ப வரைக்கும்?"ங்கிற கேள்வி வரும். ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்க கால்நடை மருத்துவர் 2004-ல இதுக்கு ஒரு அளவுகோல் வெச்சாங்க. வலி, பசி, தண்ணி, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா இருக்கா — ஏழுக்கும் பூஜ்யத்துலேருந்து பத்து வரை மார்க். கூட்டி 35-க்கு மேல வந்தா வாழ்க்கை தாங்கற மாதிரி இருக்குன்னு அர்த்தம். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போட்டேன். நைனாவுக்கு மார்க்கெல்லாம் பிடிக்கல. "படகு சத்தம் கேட்டா காதைத் தூக்கறானா, அது போதும்"னார். ரெண்டு பேர் கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வந்துச்சு.

ஐப்பசி மழையில 38. கார்த்திகையில 33. அதுக்கப்புறம் நான் மார்க் போடல. வீட்டுக்கே டாக்டரை வரவழைச்சு ஊசி போட்டு அனுப்பலாமான்னு பேசினோம். ஆயா வேண்டாம்னாங்க, நான் போடலாம்னேன், அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க. திங்கக்கிழமை டாக்டருக்குப் போன் பண்றதுன்னு முடிவாச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கவுத்துப் போட்ட படகு நிழல்ல, அவனே போயிட்டான்.

நோட்டு இன்னும் கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. ஜிம்மி கணக்குல கடைசி வரி நைனா எழுத்து: "காலைல கானாங்கத்தை ஒரு துண்டு தின்னான். சோறு விட்டான். வெயில்ல படுத்தான்." அதுக்கு எதிர்ப்பக்கத்துல அந்த வாரப் பாடு, எறால் நாலு கிலோ.