முண்ணாண் தசை நலிவு நோயும் ஆய்வுகூடம் தந்த மருந்தும்

கைக்குழந்தை தலையை நிமிர்த்த இயலாது தளர்ந்து, பின்னர் பால் விழுங்கவும் மூச்சுவிடவும் அல்லலுறும் கொடிய நோய் முண்ணாண் தசை நலிவு. இதன் கடும் வகைக்குள்ளான சிசுக்களுள் பெரும்பாலானவை முன்னர் சுவாச உதவியின்றி இரண்டு வயதைத் தாண்டியதில்லை.

1995இல் பிரான்சில் ஜூடித் மெல்கி குழுவினர், இந்நோயாளரிடம் எஸ்.எம்.என்.1 என்ற பரம்பரையலகு பழுதுற்றிருப்பதைக் கண்டறிந்தனர். அதனை ஏறத்தாழ ஒத்த எஸ்.எம்.என்.2 என்ற அலகும் மனிதரிடம் உண்டு. எனினும் அதன் குறியீட்டில் ஓர் எழுத்து மாறியிருப்பதால், அது ஆக்கும் புரதத்தில் பெரும்பகுதி முழுமையற்றது. நாம் வியப்பது இதன் பின்னர் நடந்ததையே. பழுதுற்ற அலகை விடுத்து, அரைகுறையாக இயங்கும் அலகைச் செம்மையாக இயங்கச் செய்ய அமெரிக்காவில் ஏட்ரியன் கிரைனர் முதலானோர் முயன்றனர். அவ்வாறு பிறந்த நுசினேர்சன் மருந்து 2016 டிசெம்பரில் அங்கு அங்கீகாரம் பெற்றது. நோய்க்குறி தோன்றுமுன்பே இதனைப் பெற்ற சிசுக்களுள் பெரும்பாலானவை பின்னர் தாமாகவே நடந்தன.

விலையைக் கூறாது விடுவது முறையன்று. 2019இல் அங்கீகரிக்கப்பட்ட, ஒரே தடவை ஏற்றும் பரம்பரையலகுச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 21 இலட்சம் டொலருக்கும் மேல் விலையிடப்பட்டது. இத்தொகையைத் திரட்டும் வரை நரம்புக்கலங்கள் இறந்துகொண்டேயிருக்கும், இறந்தவை மீள்வதில்லை. எனவேதான் பச்சிளங்குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் குருதித் துளியில் இந்நோயைத் தேடுமாறு 2018இல் அமெரிக்கா பரிந்துரைத்தது.